விடியற்காலை 3:58

(திருச்சி நூலக அரங்கம் ஒன்றில் மேல்நிலை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



மார்ச் 15ஆம் தேதி விடியற்காலை மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடத்துக்கு இந்த ஊரில் யார் யார் விழித்திருப்பார்கள்? காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள். பால் வண்டிக்காரர். அப்புறம், எம்.ஐ.டி.க்கு விண்ணப்பம் போட்ட பிள்ளையும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் கதவோரம் நிற்கிற அம்மாவும். நான் சொல்வது குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸில் இருப்பது. அவர்கள் கணக்குப் பைத்தியங்கள். மார்ச் 14 என்றால் அங்கே 3/14, அதாவது பை. அன்று மாலை 6:28க்கு முடிவை வெளியிடுவார்கள், அது இரண்டு பை. அங்கே 6:28 என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை 3:58. பத்துப் பதினைந்து நாள் கழித்து ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் ஒரே மாலையில் முடிவைச் சொல்லும். அதற்கும் நாம் கோழி கூவுமுன் எழுந்தாக வேண்டும்.

அந்த விடியற்காலையில் பெரும்பாலோருக்கு வருவது 'இல்லை' என்ற பதில். அதைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. இரண்டு மூன்று இடங்களில் 'வா' என்று சொல்லிவிட்ட பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு. மே 1ஆம் தேதிக்குள் ஒன்றுக்குச் சரி சொல்லி மற்றவற்றைக் கைவிட வேண்டும். இதுவும் ஒரு கஷ்டமா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இருபத்தெட்டு ஆண்டு அமெரிக்காவில் வேதியியல் சொல்லிக்கொடுத்து, முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆலோசகனாகவும் இருந்தவன் நான். உள்ளே வந்தபின் விழித்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் அநேகர் மார்க்கில் குறைந்தவர்கள் இல்லை. ஏப்ரல் மாதத்தில் தவறான காகிதத்தை வாசித்தவர்கள்.

அமெரிக்கப் பிள்ளைக்கு அந்த ஏப்ரலில் ஒரு வசதி இருக்கிறது. இடம் கிடைத்தவர்களை அழைத்து, இரண்டு மூன்று நாள் விடுதியிலேயே தங்கவைத்து, வகுப்பில் உட்காரவைத்து அனுப்புவார்கள். சாப்பாடு எப்படி, சீனியர்கள் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா, இரவு இரண்டு மணிக்கு எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வரலாம். நம் பிள்ளை அதற்காக விசா எடுத்து, விமானம் ஏறிப் போய் வர முடியுமா? ஆகவே இரண்டே இரண்டு பேரை நம்புகிறது. ஒருவர் குடும்ப வாட்ஸ்அப்பில் இருக்கும் நியூ ஜெர்சி மாமா. இன்னொருவர் தரவரிசைப் பட்டியல்.

மாமாவை விட்டுவிடுவோம், நல்ல மனிதர். பட்டியலைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். யு.எஸ். நியூஸ் என்ற பத்திரிகையின் பட்டியலில் கொலம்பியா பல்கலைக்கழகம் இரண்டாம் இடம்வரை ஏறியது. 2022 பிப்ரவரியில் அதே பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் உட்கார்ந்து, வகுப்பின் அளவு, ஆசிரியர்களின் தகுதி என்று தன் நிறுவனம் பத்திரிகைக்குக் கொடுத்த எண்களைச் சரிபார்த்தார். ஒத்துவரவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். பல்கலைக்கழகமும் பிறகு தவறை ஒத்துக்கொண்டது. செப்டம்பரில் வந்த பட்டியலில் அது பதினெட்டாம் இடம். பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் காணாமல் போகவில்லை, ஒரு ஆசிரியரும் மறதிக்காரர் ஆகிவிடவில்லை. இரண்டு என்றபோது சேர்ந்த பிள்ளை பதினெட்டில் படித்துக்கொண்டிருந்தது, அதே பெஞ்சில்.

'ஐவி லீக்' என்ற சொல்லுக்கும் இங்கே ஒரு மந்திர ஒலி வந்துவிட்டது. அது 1954இல் எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த விளையாட்டுக் கூட்டமைப்பு. எம்.ஐ.டி.யும் ஸ்டான்ஃபோர்டும் அதில் இல்லை. அதனால் அவற்றுக்கு என்ன குறைந்துபோயிற்று?

சரி, பட்டியல் வேண்டாம். வேறு எதைப் பார்ப்பது? முதலில் பணம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நம் வீடுகளில் படிப்பைப் பற்றிப் பேசும்போது பணத்தைக் கடைசியில், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள். இந்த விஷயத்தில் அதைத்தான் முதலில், உரக்கப் பேச வேண்டும்.

இந்தப் பெரிய இடங்களில் ஒரு வருடத்துக்குக் கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 85,000 முதல் 95,000 டாலர் ஆகும். அதை யார் கொடுப்பது என்பதில்தான் இவை ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. சில இடங்களில் உன் விண்ணப்பத்தைப் படிக்கிறவர், உனக்குப் பணம் தேவையா என்று பார்க்கவே மாட்டார். வெளிநாட்டுப் பிள்ளையானாலும் அப்படித்தான். இடம் கொடுத்தபின் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட்டு, மீதியை அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். இதை 'நீட்-பிளைண்ட்' என்பார்கள். நீட் என்றதும் யாரும் பதற வேண்டாம், இது வேறு நீட். 'தேவை' என்று பொருள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை நெடுநாளாக இப்படிச் செய்கின்றன. 2022இல் டார்ட்மவுத்தும் பௌடனும் சேர்ந்தன, 2025 சேர்க்கையிலிருந்து பிரௌனும். ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா போன்றவற்றில் வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்டால், இடம் கொடுப்பதா வேண்டாமா என்பதிலேயே அதுவும் எடைபோடப்படும். இடம் கொடுத்துவிட்டால் அவையும் தாராளம்தான். ஒரு எச்சரிக்கை: "இப்போது கேட்டால் இடம் போய்விடும், சேர்ந்தபின் கேட்டுக்கொள்ளலாம்" என்று சில ஏஜென்ட்டுகள் சொல்லித் தருகிறார்கள். பல இடங்களில் விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்கவே முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு என்னைப் பார்க்க வந்தாள். அப்பா கூட்டுறவு வங்கியில் காசாளர், அம்மா வீட்டிலேயே தையல். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்த மூன்று கடிதங்களைப் பழுப்பு உறைகளில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்றாவதைச் சட்டென்று தள்ளிவைத்துவிட்டோம், அதில் இடம் மட்டும்தான் இருந்தது, பணம் இல்லை. சிக்கல் மற்ற இரண்டில்.

முதல் கடிதம் அப்பாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. தடித்த எழுத்தில் பாராட்டு, அதன் கீழே 'தகுதி உதவித்தொகை', ஆண்டுக்கு 40,000 டாலர். இரண்டாவது கடிதத்தில் பாராட்டு ஒரே வரி. அதற்குக் கீழே ரேஷன் கடை ரசீது மாதிரி ஒரு பட்டியல். அப்பா சொன்னார்: "சார், இவங்க மார்க்கைப் பார்த்து மரியாதையா குடுக்கறாங்க. அவங்க ஏழைன்னு குடுக்கறாங்க." அந்த வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஒரு வங்கிக் காசாளர், பிறர் பணத்தை ஒரு ரூபாய் பிசகாமல் எண்ணுகிறவர், தன் மகளின் காகிதத்தில் எண்ணைப் பார்க்காமல் மரியாதையைப் பார்த்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

ஐவி லீக் எட்டிலும் எம்.ஐ.டி.யிலும் மார்க்குக்காகப் பணம் தருவதே கிடையாது என்று அவரிடம் சொன்னேன். அங்கே வருகிற எல்லாரும் மார்க் வாங்கியவர்கள்தான், யாருக்கென்று கொடுப்பது? தேவைக்கு மட்டும்தான் தருவார்கள். பிறகு அவருடைய பேனாவையே வாங்கி எழுதினோம். முதல் இடத்தில் மொத்தச் செலவு 88,000. உதவித்தொகை போக 48,000. டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு நாற்பது லட்சத்து எண்பதாயிரம். இரண்டாவது இடத்தில் மொத்தச் செலவு 90,000. பல்கலைக்கழகம் தருவது 83,500, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. மகள் நூலகத்திலோ உணவுக்கூடத்திலோ வாரத்துக்குச் சில மணி நேரம் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது 3,500. பெற்றோர் கொடுக்க வேண்டியது 3,000. அப்பா அந்தக் கடைசி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பேனா அந்த வட்டத்தின் மேலேயே இரண்டு மூன்று முறை சுற்றியது. இரண்டரை லட்சம். உள்ளூரில் தனியார் பொறியியல் கல்லூரிக்கு, விடுதியோடு சேர்த்து அதைவிட அதிகமாகவே கேட்டிருந்தார்களாம்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: "அடுத்த வருஷமும் இதே குடுப்பாங்களா சார்?" இந்தக் கேள்விக்காகவே அவருக்கு மாலை போடலாம். ஒவ்வொரு ஆண்டும் குடும்ப வருமானத்தைத் திரும்பக் காட்ட வேண்டும், கணக்கு திரும்பப் போடுவார்கள். நிலம், வாடகை வரும் வீடு, சேமிப்பு எல்லாவற்றையும் கேட்பார்கள். ஒளிக்காமல் சொல்லுங்கள். தம்பியும் கல்லூரிக்குப் போனால் அதையும் சொல்லுங்கள். ரூபாயின் மதிப்பு அந்தக் கடிதத்தில் எழுதியிருக்காது. 2011 தொடக்கத்தில் ஒரு டாலர் 45 ரூபாய் அளவில் இருந்தது, இப்போது 85ஐத் தாண்டிவிட்டது. குடும்பம் கொடுக்க வேண்டிய டாலர் குறைவாக இருந்தால் இந்தச் சரிவு நம்மை அதிகம் தொடாது. 48,000 டாலர் என்றால் ஒவ்வொரு ரூபாய் சரிவும் ஆண்டுக்கு நாற்பத்தெட்டாயிரம்.

வரி பற்றி ஒரு சின்ன விஷயம். கல்விக் கட்டணத்துக்குத் தரும் உதவிக்கு வரி இல்லை. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தரும் உதவிக்கு வெளிநாட்டு மாணவரிடம் 14 சதவீதம் பிடிப்பார்கள். பல பிள்ளைகளுக்கு இது முதல் செமஸ்டர் பில்லில்தான் தெரியவருகிறது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு, அமெரிக்கர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவை இந்திய மாணவருக்கும் தருகிறது. வேறெந்த நாட்டுப் பிள்ளைக்கும் எளிதில் கிடைக்காத சலுகை. கேட்டு வாங்குங்கள்.

அடுத்த காகிதம் ஐ-20. இடம் உறுதியானபின் பல்கலைக்கழகம் அனுப்பும் படிவம். சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்கு அருகில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசாவுக்கு நீட்டுவது இதைத்தான். அதன் முதல் பக்கத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. பொருளாதாரம் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு பல்கலைக்கழகம் அதை 45.0601 என்று பதிவு செய்திருக்கும், வெறும் பொருளாதாரம். இன்னொன்று 45.0603 என்று பதிவு செய்திருக்கும், அளவைப் பொருளாதாரம். பாடங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் முன்னதைப் படித்தவர் பட்டம் வாங்கியபின் 12 மாதம் அங்கே வேலை பார்க்கலாம். பின்னது அறிவியல் தொழில்நுட்பப் பட்டியலில் வருவதால் இன்னும் 24 மாதம் சேரும். ஒரு தசமத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு இலக்கம் இரண்டு வருடத்தைத் தருகிறது, எடுக்கிறது. அமெரிக்கப் பிள்ளைக்கு இதனால் ஒன்றுமில்லை, ஆகவே எந்தத் தரவரிசையிலும் இது வராது. முதலாண்டில் துறையைத் தேர்ந்தெடுக்காத பிள்ளையின் படிவத்தில் வேறு எண் இருக்கலாம். ஆகவே நீங்கள் எடுக்க நினைக்கும் துறைக்கு என்ன எண் என்று சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

துறை என்றதும் நினைவுக்கு வருகிறது. இங்கே ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்தது என்றால் பக்கத்து வீட்டார் முதலில் கேட்பது, "எந்த டிபார்ட்மென்ட்?" நம் கவுன்சலிங் அப்படிப் பழக்கிவிட்டது. ஹார்வர்டிலும் யேலிலும் எம்.ஐ.டி.யிலும் ஸ்டான்ஃபோர்டிலும் துறைக்குள் யாரையும் சேர்ப்பதில்லை, வந்து படித்துப் பார்த்துப் பிறகு தேர்ந்துகொள்ளலாம். ஆனால் கார்னெலிலும் பென்சில்வேனியாவிலும் குறிப்பிட்ட ஒரு கல்லூரிக்குள்தான் நுழைகிறீர்கள். கார்னகி மெல்லனில் கணினி அறிவியலுக்குத் தனி வாசல். வேறு வாசலில் நுழைந்துவிட்டு உள்ளே போய் மாறிக்கொள்ளலாம் என்று போனவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். பதினேழு வயதில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாத பிள்ளைக்கு, மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கும் பல்கலைக்கழகம்தான் நல்லது. தெரியாமல் இருப்பது தப்பில்லை. எனக்கு இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது.

பணமும் காகிதமும் சரி என்றால், அதற்குப் பிறகுதான் படிப்பு. இங்கேதான் எனக்குப் பேச ஆசை, ஆனால் நேரம் குறைவு. இந்த இடங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. கொலம்பியாவில் 1919இலிருந்து ஒரு பொதுப் பாடத்திட்டம் இருக்கிறது. வேதியியல் படிக்க வந்தவனும் ஹோமரையும் பிளேட்டோவையும் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து வாசித்தாக வேண்டும். பிரௌனில் 1969இலிருந்து நேர் எதிர்: துறைக்கு வெளியே இன்ன பாடம் கட்டாயம் என்பதே கிடையாது. பிரின்ஸ்டனில் சட்டக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, வணிகக் கல்லூரி மூன்றும் இல்லை, இளங்கலைப் பிள்ளைதான் அங்கே ராஜா. கடைசி ஆண்டில் ஏறக்குறைய எல்லோரும் ஒரு ஆய்வேடு எழுதித்தான் வெளியே வர வேண்டும். எம்.ஐ.டி.யில் இசை படிக்க வந்தாலும் இயற்பியலும் நுண்கணிதமும் இரண்டிரண்டு பாடம் உண்டு. பொறியியலுக்கு வந்தவர் எட்டு கலை, சமூக அறிவியல் பாடங்கள் எடுக்க வேண்டும். நீந்தியும் காட்ட வேண்டும், தெரியாவிட்டால் நீச்சல் வகுப்பில் சேரலாம். காவிரிக்கரைப் பிள்ளைகளுக்கு அது பிரச்சினை இல்லை, காவிரியில் தண்ணீர் இருந்தால்.

ஹார்வர்டா எம்.ஐ.டி.யா என்று தூக்கம் கெடுகிறவர்களுக்கு ஒரு தகவல். இரண்டும் ஒரே ஊரில், ஒரே மெட்ரோ ரயில் பாதையில் இருக்கின்றன. ஹார்வர்டு ஸ்டேஷனில் ஏறினால் நடுவில் ஒரு ஸ்டேஷன், அடுத்தது எம்.ஐ.டி. ஒன்றில் சேர்ந்த பிள்ளை இன்னொன்றில் பாடம் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு முறையான ஏற்பாடு இருக்கிறது.

கார்னெலோ டார்ட்மவுத்தோ என்றால் வேறு விஷயம். சுற்றிலும் மலை, காடு, நவம்பரிலிருந்து பனி. டிசம்பர் விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நம் பிள்ளை வாரக்கணக்கில் யாருமில்லாத நடைகூடத்தில் தனியாக நடக்கும்.

இன்னொரு தடங்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. நமக்குப் 'பல்கலைக்கழகம்' பெரியது, 'கல்லூரி' அதன் கீழ் இணைந்தது. ஆகவே ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி, வில்லியம்ஸ் கல்லூரி, ஸ்வார்த்மோர் கல்லூரி என்றால், "கேள்விப்பட்டதே இல்லையே, காலேஜா?" என்று முகம் சுளிக்கிறோம். அங்கே முனைவர் பட்ட மாணவர்களே கிடையாது. பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டுச் செய்முறை வகுப்பை நடத்துவது பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர். இந்தக் கல்லூரிகளில் பேராசிரியரே பிப்பெட்டைப் பிடித்துக் காட்டுவார். என் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தவர்களில், நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, தவறிய சோதனையையும் ஒழுங்காக எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் இந்தச் சின்னக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். பக்கத்து வீட்டாருக்குத் தெரியாது என்பதைத் தவிர வேறு குறை எனக்குத் தெரியவில்லை.

"பெயர் பெரிதாக இருந்தால் சம்பளமும் பெரிதுதானே?" என்று கேட்பீர்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய இடத்தில் இடம் கிடைத்தும் அதைவிடச் சிறிய இடத்துக்குப் போனவர்கள், பின்னாளில் சம்பளத்தில் பெரிதாகப் பின்தங்கவில்லை. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கு, அவர்களுக்குப் பெரிய இடத்தால் நன்மை இருந்தது. 2023இல் ராஜ் செட்டி முதலான மூவர் செய்த ஆய்வில் சராசரிச் சம்பளம் அதிகம் மாறவில்லை, ஆனால் உச்சாணிக் கிளைக்குப் போகும் வாய்ப்பு கூடியது. இரண்டும் அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றியவை. இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2025இல் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. மே 22ஆம் தேதி, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் அனுமதியையே ஹார்வர்டிடமிருந்து அரசு பறித்தது. ஏறத்தாழ 6,800 பேர், மொத்த மாணவரில் கால்வாசிக்கும் மேல். மறுநாளே நீதிமன்றம் தடுத்தது. ஆனால் அந்த ஓர் இரவை அந்தப் பிள்ளைகள் எப்படிக் கழித்திருப்பார்கள்? செப்டம்பரில் புதிய ஹெச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. அங்கேயே மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது இல்லை என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. அதற்குள் இங்கே எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று நான் அறிவேன். ஒரு பல்கலைக்கழகத்தைச் செய்திகளில் அடிபடுகிறது என்பதற்காகத் தள்ள வேண்டாம் என்பது என் கருத்து. விசா விதி நாடு முழுவதற்கும், அது எல்லா வாசலையும் தட்டும். கோர்ட்டுக்குப் போய்த் தன் மாணவருக்காக நிற்க ஒரு இடத்துக்குத் தெம்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கேயே வேலை கிடைத்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கவே வாங்காதீர்கள்.

மேற்படிப்புக்குப் போகிற அண்ணன்மார்களும் பின்வரிசையில் இருக்கிறார்கள். 2023-24இல் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர் 3,31,602 பேரில் 1,96,567 பேர் முதுகலை, முனைவர் படிப்புக்குப் போனவர்கள். உங்களுக்கு வேறு கணக்கு. எம்.எஸ். படிப்புக்குப் பெரும்பாலும் உங்கள் பணம்தான். முனைவர் பட்டத்துக்கு அவர்களே உதவித்தொகை தருவார்கள், ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரமும் தருவார்கள். அங்கே பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மனிதரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவரை இல்லை, மூவரை. நான் ஒரே ஒருவருக்காகப் போனேன், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். நான் பெட்டியை இறக்கி வைத்த வாரமே அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதாகச் சொன்னார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார். காபியும் வாங்கிக் கொடுத்தார்.

நூலகர் கடிகாரத்தைக் காட்டுகிறார். திண்டுக்கல் பெண் என்ன ஆனாள் என்று முன்வரிசையில் ஒரு பாட்டி சைகையால் கேட்கிறார். இரண்டாவது உறைதான் பாட்டி. இப்போது மூன்றாம் ஆண்டு. உணவுக்கூடத்தில் தட்டு அடுக்கும் வேலையிலிருந்து நூலகத்துக்கு மாறிவிட்டாள், அங்கே உட்கார்ந்து படிக்க முடிகிறதாம்.

பக்கவாட்டில் தூணோரமாக ஒரு அம்மா, நான் பேச ஆரம்பித்ததிலிருந்து மடியில் ஒரு உறையை வைத்து மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார். அதை இங்கே கொண்டுவாங்கம்மா. யாராவது ஒரு பேனா கொடுங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.